வல்லாரைப் பாத்தி வரைக்கும்

“தாயி, என் குரல் போயிட்டு. அதைத் திருப்பித் தர மருந்து இருக்கா?”

இந்த ஒரு கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் அம்பலவாண ஓதுவார் மூன்று தடவை கனைத்தார். இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தார். வந்த குரல் காய்ந்த ஓலையைத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது.

எதிரே ஒரு பெண் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையெல்லாம் மண்ணாக நின்றாள். முப்பத்து நாலு வயது இருக்கும். ஓதுவாருக்கு ஐம்பத்தொன்று. நரைத்த தலையோடு வேறு யாராவது உள்ளேயிருந்து வருவார்கள் என்று அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

யாரும் வரவில்லை.

“வைத்தியர் நான்தான். வடிவு,” என்றாள். “உக்காருங்க ஐயா.”

மலையடிவாரத்தில் ஊத்துப்பாறை என்று ஒரு சின்ன ஊர். அங்கே இரண்டு ஏக்கர் மூலிகைத் தோட்டம், ஒரு ஓட்டு வீடு, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்க ஒரு கொட்டகை. வடிவின் வைத்தியசாலை அவ்வளவுதான்.

ஓதுவார் தெற்குமடை சிவன் கோயிலில் இருபத்தாறு வருஷமாகப் பதிகம் பாடுகிறவர். நாலு தெருவுக்கும் கேட்கும் குரல். அவர் தேரடியில் நின்று பாடினால் ஆற்றுக்கு அக்கரையில் துணி துவைக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை அதிகமாகப் பேசியவர் ஓதுவார்தான்.

பிறகு ஊரில் பஸ் அதிகமானது. கடைக்குக் கடை பாட்டுப் பெட்டி வைத்தார்கள். ஓதுவார் அவற்றோடு போட்டி போட்டார். ஒவ்வொரு வருஷமும் குரலை ஒரு பிடி உயர்த்தினார். இந்தப் புரட்டாசியில் ஒருநாள், பாட்டின் உச்சியில், குரல் உடைந்து போயிற்று.

கொண்டு வந்த பையை அவர் தரையில் கவிழ்த்தார். அதிமதுரம், சித்தரத்தை, மிளகு, பனங்கற்கண்டு, ஆடாதொடை மணப்பாகு, இரண்டு விதத் தூதுவளை லேகியம், ஒரு பாட்டில் தேன்.

வடிவு ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தாள். அதிமதுரத்தை முறித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“எல்லாம் நல்ல சரக்கு,” என்றாள். “எங்க வாங்குனீங்க?”

ஓதுவார் கடையின் பெயரைச் சொன்னார். கடைக்காரரின் பெயரைச் சொன்னார். கடைக்காரரின் தகப்பனார் கோயிலுக்கு மணி செய்து கொடுத்த கதையைச் சொன்னார். மணியின் எடையைச் சொன்னார்.

வடிவு அதிமதுரத்தை மென்று முடிக்கும்வரை கேட்டாள்.

“டாக்டர் யாரையும் பாத்தீங்களா?”

பார்த்திருந்தார். டவுனில் ஒரு தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல்நாண் கத்திக் கத்தி வீங்கியிருக்கிறது, வேறு பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்ச காலம் வாயை மூடி வையுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

“மூடி வச்சீங்களா?”

“வச்சேனே. பத்து நாள் ஒரு பாட்டுப் பாடலை.”

“பேச்சு?”

ஓதுவார் அதற்கும் பதில் சொல்லத் தொடங்கினார். பாடாமல் இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்தப் பத்து நாளும் வீடு வீடாகப் போய்ச் சொன்னதையெல்லாம் விவரித்தார்.

வடிவு தன் உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

ஓதுவார் நிறுத்தினார்.

“டாக்டர் சொன்னதுதான் என் மருந்தும். அவரு நாள் சொல்லாம விட்டுட்டாரு. நான் சொல்லுதேன். ஒரு மண்டலம்.”

நாற்பத்தெட்டு நாள்.

ஓதுவாருக்கு வியர்த்தது. எழுதிக் காட்ட ஒரு பலகையாவது கிடைக்குமா என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையசைத்தாள். ரகசியமாகக் காதோடு பேசலாமா என்று கேட்டார். கிசுகிசுப்பது கத்துவதைவிடத் தொண்டைக்குக் கெடுதல் என்றாள்.

“இரும வந்தா?”

“இருமிக்கிடுங்க.”

வீட்டுக்கு போன் போட்டு மனைவி பிரமுவிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவள் காரணம் எதுவும் கேட்கவில்லை. நாற்பத்தெட்டு போதுமா என்று மட்டும் கேட்டாள்.

*

காலையில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தொண்டை கொப்பளிக்க வேண்டும். நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வேண்டும். பிறகு கற்பூரவள்ளி இலை இரண்டு, நன்றாக மென்று. பொழுது சாய்வதற்குள் ராச்சாப்பாடு.

இந்தக் கடைசி விஷயம் ஓதுவாரைத் திடுக்கிட வைத்தது. கோயிலில் கடைசி பூஜை முடிந்து வீட்டுக்கு வந்து, ஆறேழு தோசையைச் சாப்பிட்டுவிட்டு அப்படியே சாய்கிறவர் அவர். தின்றது மேலே ஏறி ஏறித் தொண்டையைச் சுடுவது இத்தனை வருஷமாக அவருக்குத் தெரியும். அது பாடுகிறவனுக்கு வருகிற வியாதி என்று நினைத்திருந்தார்.

அது தோசையால் வருகிற வியாதி என்றாள் வடிவு.

மிச்சப் பொழுதுக்குத் தோட்ட வேலை.

முதல் நாள் துளசி நாற்றுக்குத் தண்ணீர் விடச் சொன்னாள். ஓதுவார் குடத்தைத் தூக்கி ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தார். பாத்தி முழுக்க நாற்று மண்ணோடு படுத்துவிட்டது.

வடிவு குடத்தை வாங்கி வைத்தாள். அடியில் ஐந்தாறு துளை போட்ட ஒரு கொட்டாங்கச்சியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

ஒரு பாத்தி நனைய ஒரு மணி நேரம் ஆயிற்று.

*

மூன்றாம் நாள் சோதனை வந்தது.

தோட்டத்தில் களை எடுக்க மாடத்தி என்று ஒருத்தி வருவாள். நாற்பது வயது, வெற்றிலை வாய், ஓயாத கை. வேலை செய்துகொண்டே பாடுவாள். அன்றைக்கு அவள் பாடியது பதிகம். ஓதுவார் தெற்குமடையில் பாடிப் பாடி, ஒலிபெருக்கி வழியாகக் காற்றில் போய், திருவிழாவுக்கு வந்தவர்கள் காதில் ஏறி, எப்படியோ மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

ஓதுவாருக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

பாட்டில் ஓர் இடத்தில் ‘வெள்விடை மேலே வருவானை’ என்று வரும். வெள்ளைக் காளை மேல் வருகிற சிவன். மாடத்தி அந்த இடத்துக்கு வந்தாள்.

“வெள்ளாட்டு மேலே வருவானை,” என்று பாடினாள்.

ஓதுவார் கையிலிருந்த கொட்டாங்கச்சி கீழே விழுந்தது.

அவர் வேகமாக அவள் முன்னால் போய் நின்றார். இரண்டு கையையும் ஆட்டினார். தலையை ஆட்டினார். நெற்றியில் விரல்களை வைத்துப் பெரிய கொம்பு காட்டினார்.

“ஆமாய்யா, ஆட்டுக்குக் கொம்பு உண்டு,” என்றாள் மாடத்தி.

ஓதுவார் திமில் காட்டினார். காளை மாதிரி மூச்சுவிட்டார். காலால் மண்ணைப் பறித்தார்.

மாடத்திக்குப் புரிந்துவிட்டது. ஓதுவாரையாவுக்குப் பாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது, ஆடுகிறார். அவள் இன்னும் சத்தமாக, முதலிலிருந்து பாடினாள். பக்கத்துப் பாத்திப் பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று வெள்ளாடுகள் ஓதுவாரைக் கடந்து போயின.

ஒன்பதாம் நாள் அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வடிவின் முன்னால் வந்து நின்றார். போகிறேன் என்று சொல்ல வாய் துடித்தது.

வடிவு தூதுவளை பறித்துக்கொண்டிருந்தாள். பாதி நிறைந்த கூடையை அவரிடம் நீட்டினாள்.

“போறதுன்னா போங்க. இதை மட்டும் நிரப்பிக் குடுத்துட்டுப் போங்க. பத்தரைக்குத்தான் பஸ்ஸு.”

தூதுவளைக்கு இலையிலும் முள், தண்டிலும் முள். ஓதுவார் அவசரமாகக் கையை விட்டார். ரத்தம் வந்தது. இன்னொரு தடவை விட்டார். இன்னொரு விரலில் வந்தது. மூன்றாம் தடவை மெதுவாக, இலையின் காம்பைப் பார்த்து, இரண்டு விரலால் கிள்ளினார். இலை கையோடு வந்தது.

அப்படியே இன்னொன்று. அப்படியே இன்னொன்று.

நிமிர்ந்தபோது கூடை நிறைந்திருந்தது. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பஸ் போன சத்தம் அவர் காதில் விழவேயில்லை.

வடிவு அந்த இலையில் துவையல் அரைத்து வைத்திருந்தாள். ஓதுவார் மூன்று தடவை சோறு வாங்கினார்.

*

வைத்தியத்துக்கு வருகிறவர்கள் கொட்டகை ஓரம் பெஞ்சில் காத்திருப்பார்கள். கற்பூரவள்ளிப் பாத்தி அதற்குப் பக்கத்தில்தான். ஓதுவார் அங்கே குனிந்து வேலை செய்வார். நெற்றியில் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம், பேசாத வாய். இவரும் ஒரு வைத்தியர் என்று வருகிறவர்கள் முடிவு செய்துகொண்டார்கள்.

மாவு மில்லுக்காரர் ஒருவர் வந்தார். இரண்டு மாதமாகத் தலைவலி. வடிவிடம் சொல்லப்போவதை முதலில் ஓதுவாரிடம் சொன்னார்.

ஓதுவார் தலையசைத்தார். அதைத் தவிர வேறெதுவும் செய்ய வழியில்லை.

மில்லுக்காரர் மேலே சொன்னார். காலையில் எழுந்ததும் மில்லைத் திறந்துவிடுவாராம். பலகாரத்துக்கு நேரம் இருக்காதாம். ஒரு டீ. கூட்டம் குறைந்ததும் இன்னொரு டீ. மத்தியானம் சாப்பிடப் போனால் மில்லில் பெல்ட்டு அறுந்துபோகும், அதனால் ஒரு டீ.

ஓதுவார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மில்லுக்காரர் விரல்விட்டு எண்ணினார். ஒரு கை போதவில்லை.

“ஒம்போது டீயா குடிக்கேன்?” என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

ஓதுவார் தலையசைத்தார்.

மில்லுக்காரர் எழுந்து, ஓதுவாரைக் கும்பிட்டுவிட்டு, வடிவைப் பார்க்காமலே போய்விட்டார். எட்டு நாள் கழித்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். காலையில் கஞ்சி, மத்தியானம் சோறு, டீ இரண்டாகிவிட்டதாம், தலைவலி தெரியவில்லையாம். அந்தப் பேசாத வைத்தியர் கெட்டிக்காரர் என்று வடிவிடம் சொன்னார்.

வடிவு சிரித்துச் சிரித்துப் புரையேறி, மாடத்தி வந்து முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

எல்லோரும் அப்படித் தானாகத் தீர்ந்து போகிறவர்கள் இல்லை. ஒருநாள் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். வடிவு கையைப் பிடித்துப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள், உடனே ஆட்டோவைக் கூப்பிட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினாள். தானும் கூடவே ஏறிப் போனாள்.

அன்று சாயங்காலம்வரை வந்தவர்களை ஓதுவார் பார்த்துக்கொண்டார். மருந்து எதையும் தொடவில்லை. சுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தார். உட்கார்ந்து கேட்டார்.

வடிவு திரும்பி வந்தபோது அந்தப் பெண் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். பெஞ்சு காலியாக இருப்பதைப் பார்த்தாள்.

“ஏழு பேர் இருந்தாங்களே?”

ஓதுவார் கையை விரித்தார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

*

இருபத்தெட்டாம் நாள் கோயில் மணியம் தாணுமூர்த்தி வந்தார். கோயில் நிர்வாகம் முழுக்க அவர் கையில். கெட்டவர் இல்லை, அவசரக்காரர்.

இன்னும் ஒரு வாரத்தில் திருவாதிரை. வருஷத்தில் பெரிய கூட்டம் வருகிற நாள். பத்து வருஷத்துக்கு முன்னால் பதிவு செய்த ஓதுவாரின் பாட்டு ஒன்று கோயிலில் இருந்தது. ஓதுவார் வராவிட்டால் அதை ஒலிபெருக்கியில் போட்டுவிடலாம் என்று ஊரில் சிலர் யோசனை சொல்லியிருந்தார்கள். தாணுமூர்த்திக்கும் அது பிடித்திருந்தது. பதிவுக்குச் சளி பிடிக்காது. அது லீவும் கேட்காது.

“அப்படிப் போட ஆரம்பிச்சா அப்புறம் அதுவே பழகிப் போயிரும், ஓதுவாரே. நான் சொல்லலைன்னு வேண்டாம்,” என்றார். “வருவீரா, வரமாட்டீரா? ஒரு வார்த்தை சொல்லும்.”

ஓதுவார் வடிவைப் பார்த்தார். அவள் முடக்கத்தான் இலையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“நீயாவது சொல்லேம்மா,” என்றார் தாணுமூர்த்தி.

“அவரு வாய் அவருகிட்டதான இருக்கு,” என்றாள் வடிவு, நிமிராமல்.

ஒரு வார்த்தை. ‘வருவேன்’ என்றால் போதும். இருபத்தெட்டு நாளில் தொண்டையின் எரிச்சல் போயிருந்தது. சொன்னால் வார்த்தை வரும் என்று அவருக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டால் திருவாதிரையன்று பாட வேண்டும். கூட்டத்துக்கு மேலே எழுப்பிப் பாட வேண்டும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதும் தெரிந்தது.

தாணுமூர்த்தி ஐந்து நிமிஷம் காத்திருந்தார். அவருக்கு அது ரொம்பப் பெரிய காத்திருப்பு.

“சரி. வரலைன்னே எடுத்துக்கிடுதேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் ஓதுவார் கொட்டகையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். தோள் குலுங்கிற்று. சத்தம் வரவில்லை.

சாயங்காலம் வடிவு ஒரு அகலமான பாத்திரத்தில் வெந்நீர் கொண்டு வந்தாள். கொஞ்சம் உப்பும் நொச்சியும் போட்டிருந்தது. பாத்திரத்தை அவர் காலடியில் வைத்து, பாதங்களை உள்ளே வைக்கச் சொன்னாள்.

சூடு பாதத்தில் தொடங்கி முழங்காலுக்கு ஏறியது. நெஞ்சு வரைக்கும் வந்தது. அவர் அன்று விழுந்து தூங்கினார்.

காலையில் எழுந்தபோது இன்னும் கவலை இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். இருந்தது. ஆனால் அதைவிடப் பசி பெரிதாக இருந்தது.

*

திருவாதிரை கழிந்து பிரமு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். ஒலிபெருக்கியில் அவர் பாட்டு ஓடியதைச் சொன்னாள். கூட்டம் வந்து கும்பிட்டுவிட்டுப் போனதைச் சொன்னாள். அதிலிருந்து தன் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போனாள். அங்கிருந்து, கல்யாணமான புதிதில் மாமியார் தன்னைச் சொன்ன ஒரு சொல்லுக்குப் போனாள். அது இத்தனை வருஷமும் நெஞ்சில் கிடந்ததாம். இவரிடம் சொல்ல ஏழெட்டுத் தடவை ஆரம்பித்திருக்கிறாளாம். ஒவ்வொரு தடவையும் இவர் நடுவில் புகுந்து வேறு கதை சொல்லிவிடுவாராம்.

ஓதுவார் கேட்டார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. பிரமு பேச்சை முடித்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இருபத்து நாலு வருஷத்துல நான் ஒரு பேச்சை ஆரம்பிச்சு முடிச்சது இன்னைக்குத்தான்,” என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஓதுவாரும் சிரித்தார். போகும்போது அவள் கூடையில் கற்பூரவள்ளித் துண்டு நாலு ஒடித்து வைத்தார். வீட்டில் நடுவதற்கு.

இந்த நாட்களில் மாடத்தியின் பாட்டும் நிற்கவில்லை. கையை ஆட்டுவதை ஓதுவார் விட்டிருந்தார். வேறு வழியில்லாமல் கேட்டார். கேட்கக் கேட்க ஒன்று தெரிந்தது. அவள் களையைப் பிடுங்கும்போது மூச்சை இழுத்து, மண்ணை உதறும்போது பாட்டை விடுகிறாள். பாட்டு வேலையோடு போகிறது. நாள் முழுக்கப் பாடியும் அவளுக்குத் தொண்டை கட்டவில்லை.

வெற்றிலை போட்ட வாய்க்கு அப்படியொரு தொண்டை.

*

மார்கழி கடைசி நாள் நாற்பத்தெட்டு நிறைந்தது.

வடிவு அவரை வல்லாரைப் பாத்தி ஓரம் உட்கார வைத்தாள். முதலில் வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று மட்டும் சொல்லச் சொன்னாள். சொன்னார். நெஞ்சு அதிர்ந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

பிறகு, “பேசுங்க ஐயா,” என்றாள்.

நாற்பத்தைந்து நாளாக அவருக்குள் ஒரு வாக்கியம் காத்திருந்தது. அவர் மாடத்தி பக்கம் திரும்பினார்.

“தாயி, அது வெள்ளாடு இல்லை. வெள்விடை.”

“விடைன்னா என்னய்யா?”

“காளை.”

“அப்ப காளைன்னே பாட வேண்டியதுதானே. எனக்கு வெளங்கும்லா.”

ஓதுவார் வடிவைப் பார்த்தார்.

வடிவு பாடச் சொன்னாள். அவர் கண்ணை மூடி ஒரு அடி பாடினார். குரல் உடையவில்லை, கரகரப்பும் இல்லை. பனங்கற்கண்டுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக, மெல்லிசாக வந்தது. அவர் கண்ணில் நீர் முட்டிற்று.

இரண்டாம் அடியில் கொஞ்சம் எழுப்பிப் பார்த்தார். தொண்டை இறுகியது. பயந்து நிறுத்திவிட்டார்.

“தாயி, குரல் வந்துட்டு. ஆனா இது என் பழைய குரல் இல்லையே. அது நாலு தெருவுக்குக் கேக்கும். இது இந்த வல்லாரைப் பாத்தியைத் தாண்டாது போலிருக்கே.”

வடிவு பாத்தியின் அந்தக் கோடியைப் பார்த்தாள்.

“பாத்தி வரைக்கும் போகுதுல்லா?” என்றாள்.

எழுந்து மருந்து இடிக்கப் போய்விட்டாள்.

*

தை முதல் நாள் காலை. தெற்குமடைக் கோயிலில் புதுப்பானைப் பொங்கல் வாசம். ஓதுவார் உள்மண்டபத்தில், தன் தூண் பக்கத்தில், பழைய இடத்தில் நின்றார். பிரமு வந்திருந்தாள். வடிவும் மாடத்தியும் முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள்.

திருவாதிரையில் போட்ட பதிவு அதற்குப் பிறகு ஒருநாளும் நிற்கவில்லை. இப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. பத்து வருஷத்துக்கு முந்தைய ஓதுவார் நாலு தெருவுக்கும் பாடிக்கொண்டிருந்தார்.

பெரிய குரல்தான். இப்போது கீழே நின்று கேட்ட ஓதுவாருக்கு, யாரோ ஒருவர் ஓடுகிற பஸ்ஸை நிறுத்தக் கத்துவது போல இருந்தது.

ஓதுவார் தாணுமூர்த்தியிடம் போய், பாட வந்திருப்பதாகச் சொன்னார். தாணுமூர்த்தி யோசித்தார். எதற்கும் ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார். கோயில் முழுக்கக் கேட்டால் ஓதுவார் பாடலாம். கேட்காவிட்டால் பதிவு ஓடட்டும். அவர் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, நேராகக் கொடிமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார்.

“எங்கே, பாடும்,” என்றார் அங்கிருந்து.

திடீரென்று கோயில் அமைதியாகிவிட்டது. பிரகாரத்தில் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆயிற்று என்று மண்டபத்தைப் பார்த்தார்கள்.

ஓதுவார் பாடினார். வல்லாரைப் பாத்தி ஓரம் பாடிய அதே குரலில். முன்னால் இருந்த பத்துப் பதினைந்து பேருக்குக் கேட்டது. பூக்கட்டிக்கொண்டிருந்த ஒருத்தி நாரைக் கீழே வைத்தாள். பிரகாரத்தில் நின்ற ஒரு குடும்பம் மெதுவாக உள்ளே வந்து தூண் ஓரம் உட்கார்ந்தது. பொங்கல் வாங்க வரிசையில் நின்ற கிழவர் ஒருவர் வரிசையை விட்டுவிட்டு வந்தார்.

“ஓதுவாரே, கேக்கலை,” என்றார் கொடிமரத்தடியிலிருந்து தாணுமூர்த்தி. “கொஞ்சம் சத்தமா.”

ஓதுவாரின் கை தானாக எழுந்தது. இருபத்தாறு வருஷமாக உச்சத்துக்குப் போகும்போது எழுகிற கை. மூச்சை இழுத்தார். தொண்டை இறுகத் தொடங்கியது.

வடிவைப் பார்த்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள். மாடத்தியைப் பார்த்தார். அவள் பாட்டின் அடுத்த அடிக்காக வாயைத் திறந்து காத்திருந்தாள். பிரமுவைப் பார்த்தார். அவள் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

“கேக்கலைங்கேன்லா,” என்றார் தாணுமூர்த்தி.

ஓதுவார் கையைக் கீழே போட்டார். இழுத்த மூச்சை மெல்ல விட்டார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

“கிட்ட வாரும்,” என்றார், அதே குரலில்.

தாணுமூர்த்திக்கு அதுவும் கேட்கவில்லை. என்ன சொன்னார் என்று கேட்பதற்காகக் கிட்டே வந்தார்.